ஐந்து பேருக்கான படகு

பாய் யாரையும் "நல்லா இருக்கியா" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "உன் தலையில எத்தனை பேரு?" என்றுதான் கேட்பார். ஊரிலிருந்து அன்றைக்குத்தான் வந்து இறங்கி, பெட்டியைக்கூடத் திறக்காதவனிடமும் அதே கேள்விதான். கேட்டுவிட்டுக் கையை விரித்து வைத்துக்கொள்வார். அம்மா, தங்கச்சி, அவ பிள்ளைங்க ரெண்டு என்று அவன் சொல்லச் சொல்ல விரல்கள் மடங்கும். முடிந்ததும், "சரி, அப்ப நீ மெதுவாத்தான் போவணும்" என்பார். சிலருக்குக் கோபம் வரும். வந்தவுடனே இந்த ஆள் ஏன் நம் குடும்பத்தை எண்ணுகிறார் என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் உண்டு. வளைகுடாவில் நாங்கள் தங்கியிருந்த ரூமுக்கு நான்தான் சமையல்காரன். கரண்டியோடு நின்று கேட்டுக்கொள்வேன்.

அவர் லெப்பைக்குடிக்காட்டுக்காரர். எனக்குச் சிறுவாச்சூர் பக்கம். ஊரில் இருந்தவரை ஒருவரை ஒருவர் தெரியாது. அந்த ஒரே ரூமில் பல வருடம் படுத்து எழுந்தோம். அவருக்கு வேகப் படகுகள் பழுது பார்க்கும் ஒர்க்ஷாப்பில் வேலை. படகை அவர் போட்டு என்றுதான் சொல்வார். அதிலும் ப்ரொப்பல்லர் பொருத்துவதுதான் அவருடைய தனி வேலை. அங்கே எல்லோரும் அதைப் பங்கா என்பார்கள், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

எனக்குப் பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் அவர் சொல்லிச் சொல்லி அது விளங்கிவிட்டது. பங்காவின் நடுவில் 21, 23 என்று ஒரு எண் குத்தியிருக்கும். ஒரு முழுச் சுற்றுக்கு அது எத்தனை அங்குலம் முன்னே போக வேண்டும் என்பதுதான் அந்த எண். அதற்குப் பிட்ச் என்று பெயர். போல்ட்டில் மரை நெருக்கமாக இருந்தால் நிறையச் சுற்ற வேண்டும், ஆனால் லேசாகச் சுற்றலாம். மரை அகலமாக இருந்தால் நாலு சுற்றில் இறங்கிவிடும், கை கடுக்கும். பங்காவும் அப்படித்தான். எண் கூடினால் வேகம் கூடும் என்று படகு வாங்குகிறவர்கள் நினைப்பார்கள். இன்ஜினுக்கு அந்த வலு இருந்தால் கூடும். இல்லையென்றால், சுற்ற வேண்டிய சுற்றைச் சுற்ற முடியாமல் அது முக்கிக்கொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

வாங்கியவர்கள் படகைக் காலியாக ஓட்டிப் பார்ப்பார்கள். காலியாக ஓடும்போது பெரிய பங்காவும் அழகாக ஓடும். பாய்க்கு அதுதான் பிடிக்காது.

அதனால் வெள்ளிக்கிழமை லீவில் எங்களைக் கூட்டிக்கொண்டு போவார். நாங்கள்தான் பாரம். ரூமிலேயே எடை அதிகம் உள்ளவன் நான். என்னைப் படகின் பின்பக்கம் வலது மூலையில் உட்கார வைத்து, "ஏப்பா மூட்டை, நான் சொல்ற வரைக்கும் அசையாத" என்பார். எனக்கு மூட்டை என்ற பெயர் அப்படித்தான் வந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. அதைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. மிதக்கிற சட்டையின் வார்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன்.

ஒருமுறை ஒரு அரபி இளைஞர் புதுப்படகோடு வந்தார். காலியாக ஓட்டியதில் இன்ஜின் ஆறாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் போனது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாய் அவரிடம் ஏதோ அரபியில் சொல்லிவிட்டு எங்களை ஏற்றினார். பெட்ரோலை நிரப்பினார். ஐஸ் பெட்டியில் ஐஸைக் கொட்டினார். லீவரை முழுதாகத் தள்ளினார். சுற்றைக் காட்டும் முள் ஐயாயிரத்தைத் தாண்டி இரண்டு கோடு ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. பாய் முள்ளைக் காட்டினார். பிறகு 23-ஐக் கழற்றி 21-ஐப் போட்டார். அந்த இளைஞர் முகம் தொங்கிப்போனது. காலியாக ஓட்டினால் முன்பைவிட வேகம் குறைவு, சிநேகிதர்களிடம் அதை எப்படிக் காட்டுவது என்பது அவர் கவலை.

"என்ன பாய், அவரு கேக்குறத குடுத்துட்டுப் போங்களேன்" என்றான் ரூம்காரன் ஒருவன்.

"அவரு கேக்குறது காலி போட்டுக்கு. காலி போட்டு பொய் சொல்லும்ப்பா."

ஊருக்கு லீவில் வந்தாலும் அவருக்கு அந்தக் குணம் போகாது. நான் வளைகுடா வேலையை விட்டுவிட்டுப் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டிபன் கடை போட்டபோது, கிரைண்டர் வாங்க என்னோடு வந்தார். வரும்போதே ஒரு வாளியில் ஊறவைத்த அரிசியை எடுத்துவரச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கடைக்காரர் சுவிட்சைப் போட்டார். கிரைண்டர் சத்தமே இல்லாமல் சுற்றியது.

"பாத்தீங்களா, சத்தமே இல்ல" என்றார் கடைக்காரர்.

"உள்ள ஒண்ணுமே இல்லீங்களே. நான் சுத்துனாக்கூட சத்தம் வராது" என்று சொல்லிவிட்டு பாய் வாளியில் பாதி அரிசியைக் கொட்டினார்.

கடைக்காரர் பதறிப்போனார். "பாய், இது விக்கிற சாமான். இதுல மாவாட்டிட்டு நாளைக்கு நான் யாருகிட்ட விப்பேன்?"

"நல்லா ஓடிச்சுன்னா இவருகிட்டதான்."

கடையில் இருந்த பெண்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் விளம்பரத் தாளில் விலையைப் படிப்பதுபோல நின்றேன். மாவு ஆட்டி முடியும் வரை பாய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மோட்டார் மேல் கை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். அது சுட்டது; மீதி அரிசியை ஆட்டிப் பார்த்த இரண்டாவது கிரைண்டரைத்தான் வாங்கினோம். அது இன்றும் ஓடுகிறது. அரைத்த மாவு முழுவதையும் கடைக்காரர் எங்கள் தலையிலேயே கட்டிவிட்டார்.

அவருடைய இரண்டாவது மகளைப் பெண் பார்க்க வந்த கதையை அவர் மனைவி சொல்லித்தான் கேட்டேன். மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் வேலை. நல்ல குடும்பம், நல்ல நிறம், எல்லோருக்கும் பிடித்துப்போனது. பேச்சு முடிந்து இனிப்பு எடுக்கப் போகும்போது பாய் மாப்பிள்ளையைப் பார்த்து, "தம்பி, உங்க சம்பளத்துல எத்தனை பேரு சாப்புடுறாங்க?" என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளையின் தகப்பனார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "எங்க வூட்டுல யாருக்கும் சாப்பாட்டுக்குக் குறைவில்லைங்க" என்றாராம்.

"இந்த மனுசன் மாப்பிள்ளைய பாத்தாரா, லாரிக்கு எடை போட்டாரா தெரியலண்ணே" என்று அந்த அம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் அந்தப் பையன் பிறகு தனியாக வந்து, ஏழு பேர் மாமா என்று சொல்லியிருக்கிறான். அதைச் சொன்னதற்காகவே பாய் பெண்ணைக் கொடுத்தார்.

அவர் தலையில் எத்தனை பேர் என்று நான் ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறேன். மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்தவர். இறந்துபோன அண்ணனின் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். சொந்தப் பிள்ளைகள் வேறு. "எண்ணுறத வுட்டுட்டேன்ப்பா" என்றார். பிறகு வெங்காயத்தை என் கையிலிருந்து வாங்கி அவரே உரித்தார்.

கடைசியாக அவர் லீவில் வந்தபோது முதுகைப் பிடித்துக்கொண்டுதான் பஸ்ஸிலிருந்து இறங்கினார். இத்தனை வருடம் படகின் பின்னால் குந்தியிருந்து இன்ஜின் தூக்கியதில் எலும்பு தேய்ந்துவிட்டது, இனிக் குனியவே கூடாது என்று பெரம்பலூர் டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரும் போக வேண்டாம் என்றார்கள். அவருக்கும் போக மனமில்லை. என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, டீயை ஆறவிட்டுக் குடிப்பார். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா செத்துவிடும். அதற்குள் இங்கே ஒரு பிழைப்பு கிடைத்தால் இருந்துவிடலாம். கிடைக்காவிட்டால் விமானம் ஏற வேண்டியதுதான். இரண்டில் ஒன்று.

"மோட்டார் ரிப்பேர் கடை வைக்கலாமே பாய்" என்றேன்.

"போர்வெல் மோட்டாரத் தூக்கணும்ல, குனியாம எப்புடித் தூக்குறது? எனக்குத் தெரிஞ்சது போட்டு ஒண்ணுதான். வெள்ளாத்துல என்ன போட்டா ஓடுது, மணலுதான் ஓடுது."

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அரியலூரிலிருந்து அந்த ஆள் வந்தார். சொந்தமாக லாரிகள் ஓட்டுகிறவர். அவர் நிலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்த ஒரு பெரிய பள்ளம் இருந்தது. மழைத்தண்ணீர் சேர்ந்து, பச்சையும் நீலமுமாக ஒரு ஏரி போல ஆகிவிட்டது. அங்கே படகு சவாரி விடப்போவதாகச் சொன்னார். கொச்சிப் பக்கம் பந்தயத்தில் ஓடிய ஒரு பழைய படகை இன்ஜினோடு வாங்கியிருந்தார். பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். கீழ் வேலைக்கு ஆட்கள் இருப்பார்கள், குனிய வேண்டாம், தூக்க வேண்டாம். சொன்னால் போதும். காலையில் போய் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

அன்றைக்கு பாய் டீயைச் சூடாகவே குடித்தார்.

படகில் இருந்தது 23. பள்ளத்தின் நீளத்தைப் பார்த்ததுமே பாய் வளைகுடாவில் இருக்கும் தன் சிநேகிதருக்குப் போன் போட்டு, 17 எண் பங்கா ஒன்றை ஊருக்கு வரும் ஆள் கையில் கொடுத்தனுப்பச் சொன்னார். விமான நிலையத்தில் இது என்ன என்று கேட்டதற்கு, கொண்டுவந்தவர் பயத்தில் மிக்ஸி பிளேடு என்று சொன்னாராம். உங்க வூட்டு மிக்ஸி எவ்வளவு பெருசு என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். பாய் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த வாரம் முழுவதும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் என்னையும் வரச்சொன்னார். லாரிகள் போய்ப் போய் வழியில் இலையெல்லாம் வெள்ளை. பள்ளத்தின் மூன்று பக்கமும் செங்குத்தான பாறை. பழைய லாரிப் பாதை ஒன்று மட்டும் சரிந்து தண்ணீருக்குள் இறங்கியது. ஏற இறங்க அது ஒன்றுதான் வழி.

லாரிக்காரர் பாரத்துக்கு சிமெண்ட் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். பாய் வேண்டாம் என்றார். "சிமெண்டு மூட்டை பயப்படாதுங்க. மனுசன் பயந்தா ஒரே பக்கமா சாய்வான். ஆள ஏத்துங்க."

சுமை தூக்கும் ஆட்கள் ஏழு பேரும் நானும் ஏறினோம். பாய் சிறிய பங்காவைத்தான் மாட்டச் சொல்லியிருந்தார். பாய்தான் ஓட்டினார். லாரிக்காரரும் அவர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

வேகப் படகு முதலில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். அப்போது அதன் மூக்கு வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் தாழும். இன்ஜின் அதை உந்தித் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்தால்தான் மூக்கு இறங்கி வழுக்கி ஓடும். எங்கள் படகின் மூக்கு ஏறியது. இறங்கவே இல்லை. முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. மூக்குக்கு மேலே பாறையின் உச்சி மட்டும் தெரிந்தது, அது பெரிதாகிக்கொண்டே வந்தது. பாய் லீவரை மெல்ல மெல்லத்தான் குறைத்தார். ஆனாலும் நாங்கள் கிளப்பிய அலையே பின்னாலிருந்து வந்து, தாழ்ந்திருந்த பின்பக்கத்தின் மேல் ஏறிக் கணுக்கால் வரை நனைத்தது. முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு யாரும் சிரிக்கவில்லை. நான் பாயின் முகத்தைப் பார்த்தேன். அவர் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்து நாலு பேரை இறக்கினார். பாயோடு சேர்த்து ஐந்து பேரும் லாரிக்காரருமாகப் போனோம். பாதிப் பள்ளம் தாண்டித்தான் படகு மேலே வந்தது. லாரிக்காரரும் இறங்கி, அடுத்த முறை வெறும் ஐந்து பேரோடு போனோம். பாதிக்கு முன்னாலேயே மூக்கு இறங்கியது. அழகாக வளைந்து திரும்பியது. அந்த ஒரு முறை நான் கண்ணை மூடவில்லை.

"அஞ்சு பேரு. ஓட்டுறவன் அதுக்குள்ள" என்றார் பாய்.

"எட்டுங்க பாய். எட்டு இருந்தாத்தான் எனக்குக் கட்டும்" என்றார் லாரிக்காரர். "வேகமாப் போவ வேணாம். மெதுவா ஒரு ரவுண்டு. அதுல என்ன ஆவப்போவுது?"

"நீங்க எட்டுன்னு சொல்லுவீங்க. வர்ற குடும்பம் மடியில ரெண்டு புள்ளய வெச்சிருக்கும், கையில ஒண்ணு. பஸ்ஸுல மாதிரி, புள்ளைய யாருங்க எண்ணுறா? எட்டுன்னா அது பன்னெண்டு. மெதுவாத்தான் போவான், இல்லன்னு சொல்லல. யாராவது ஒருத்தரு, அண்ணே கொஞ்சம் வேகமாப் போங்கன்னு சொல்லுவாங்க. சுவரு வரும். சட்டுனு நிறுத்துவான். பின்னால தண்ணி ஏறும். எங்க ஏறி வெளிய வருவாங்க?"

"நீங்களே நின்னு பாத்துக்கங்க. உங்க பேச்ச மீற மாட்டானுங்க."

"நான் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போவேன்ல."

லாரிக்காரர் கெட்ட மனிதர் இல்லை. கடன் வாங்கிப் படகு வாங்கியவர். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் கெஞ்சுகிற மாதிரியே பேசினார். "பாய், உங்க நெலம எனக்குத் தெரியும். விசா இன்னும் எத்தனை நாளைக்குன்னும் தெரியும். சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நாளையிலேருந்து வாங்க. யோசிச்சு சொல்லுங்க."

பாய் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பாறையில் முதுகைச் சாய்த்து, வலிக்கும் இடத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். ஏழு பேரும் பீடி பற்ற வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். சரி என்று சொல்லிவிடுங்கள் பாய் என்று எனக்கு வாய்வரை வந்தது.

"அஞ்சுதாங்க" என்றார்.

யாரும் சத்தம் போடவில்லை. லாரிக்காரர் எங்களுக்கு டீ வாங்கிக்கொடுத்தார். புறப்படும்போது அந்தச் சிறிய பங்காவைக் கழற்றவா என்று ஒருவன் கேட்டான். "அதுலயே இருக்கட்டும். அது ஒண்ணாவது சின்னதா இருக்கட்டும்" என்று பாய் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பாதி வழியில் அவர் மனைவியின் போன் வந்தது. அந்த அம்மாவுக்குப் போனில் மெதுவாகப் பேசத் தெரியாது. எனக்கும் கேட்டது.

"என்னங்க, போட்டு ஓடுச்சா?"

"ஓடுச்சு புள்ள. நல்லா ஓடுச்சு."

"மாஷா அல்லாஹ். அப்ப இனிமே இங்கதான்?"

முன்னால் ஒரு சிமெண்ட் லாரி வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தது. எங்கள் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அது நிற்கட்டும் என்று பாய் காத்திருந்த மாதிரி இருந்தது.

"இல்ல புள்ள. நல்லா ஓடுச்சு, அவ்வளவுதான்."

பாய் போனை வெகுநேரம் காதிலேயே வைத்திருந்தார்.

விசா முடிவதற்குச் சில நாள் முன்பு போய்விட்டார். இடுப்புக்கு ஒரு பெல்ட் கட்டிக்கொண்டுதான் போனார். அதற்குப் பிறகு நான் அவரை நேரில் பார்க்கவில்லை.

சவாரி தொடங்கி நன்றாக நடந்தது. நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்த்தேன். ஏறவில்லை, கரையில் நின்றேன். எட்டுப் பேர், மடியில் பிள்ளைகள், பெண்கள் தலையில் பூ. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஊர்வலம் மாதிரி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். அடுத்த எட்டுப் பேர் ஏறினார்கள். அந்த வருடமும் ஒன்றும் ஆகவில்லை, அடுத்த வருடமும் ஒன்றும் ஆகவில்லை.

பாய் போன் செய்யும்போதெல்லாம் அதைப் பற்றிக் கேட்க மாட்டார். நானும் சொல்ல மாட்டேன். ஒருநாள் மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், அவராகவே கேட்டார். நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். எட்டுப் பேர்தான் பாய், பிள்ளைகள் தனி, மெதுவாகத்தான் போகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை.

அங்கே யாரோ இரும்பைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"அப்ப நான் இருந்திருக்கலாம்ல" என்றார்.

இருந்திருக்கலாம் பாய் என்றும் சொல்ல முடியாது, இருந்திருக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. கல்லில் போட்ட தோசை கருகுகிற வாசம் வந்தது. நான் திருப்பிப் போடவில்லை.

"இல்லப்பா" என்று அவரே சொன்னார். "இருந்திருந்தா ஒவ்வொரு ரவுண்டுக்கும் கரையில நின்னு மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்கணும். இங்க முதுகுதான் வலிக்குது."